மட்டியில் நஞ்சு உண்டு, மரபணு மட்டும் காணவில்லை

வணக்கம். மட்டித் தசையில் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நஞ்சு வரம்பைத் தாண்டியும், டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் சோதனையில் அந்த நஞ்சை உருவாக்க உதவும் எஸ்எக்ஸ்டி-ஏ4 மரபணு தென்படவில்லை என்கிறீர்கள். இரண்டு முடிவுகளும் சரியாகவே இருக்கலாம். அந்த மரபணு மட்டியுடையதன்று. மட்டி தின்ற அலெக்சாண்ட்ரியம் என்னும் நுண்பாசியுடையது. பாசி செரித்ததும் டிஎன்ஏ சிதைந்துவிடும், நஞ்சோ வாரக்கணக்கில் தங்கும்.

ஆனாலும் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மட்டித் தசையிலுள்ள கிளைகோஜன் போன்ற பல்சர்க்கரைகள் இந்தப் பிசிஆர் சோதனையை முடக்கும். டிஎன்ஏவை 10 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி சோதியுங்கள். சோதனை முடங்குகிறதா என்று பார்க்க, அதே மாதிரியில் தெரிந்த அளவு டிஎன்ஏ சேர்த்த குழாய் ஒன்றும் கூடவே இருக்கட்டும். சேர்த்த டிஎன்ஏ அதில் சரியாகத் தெரிந்தால், தசையை விட்டுவிட்டுக் கடல்நீரை வடிகட்டி, வடிதாளில் மரபணுவைத் தேடுங்கள். முன்னெச்சரிக்கைக்கு அதுதான் உதவும்.

தயவுசெய்து விற்பனையை மரபணுவை வைத்து முடிவு செய்யாதீர்கள். சமைத்தாலும் அழியாத நஞ்சு இது. கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்ற வரம்பைத்தான் பார்க்க வேண்டும்.