பக்கத்தில் இன்னொரு கார்: கேமரா படம் கோர்ட்டில் செல்லுமா?

கேள்வி: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாத நெடுஞ்சாலையில் நான் 97-ல் போனதாக இ-சலான் வந்திருக்கிறது. நான் 80-ஐத் தாண்டவே இல்லை. படத்தில் என் காரை ஒட்டி இன்னொரு கார் முந்திப் போவது தெரிகிறது. வெறும் கேமரா படத்தை வைத்துத் தண்டிக்க முடியுமா?

பதில்: முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி, ‘வேகமாகப் போனார், கண்ணால் பார்த்தேன்’ என்று ஒரே ஒருவர் சொல்வதை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது. கருவி அளந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்தில் மின்னணுக் கருவியும் இதில் சேர்ந்தது. கண்ணைவிடக் கருவியைத்தான் சட்டம் நம்புகிறது. அதனால் அந்தக் கருவி நம்பத்தக்கதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் வந்த 167ஏ விதிப்படி கேமராவுக்கு ஒப்புதல் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை சாலையில் இருக்க வேண்டும். ராடார் கருவி என்றால், 2025 ஜூலை 1 முதல் சட்டமுறை எடையளவுத் துறையின் சரிபார்ப்பும் முத்திரையும் தேவை. இவற்றின் நகலைக் கேளுங்கள்.

அப்புறம், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ், அதாவது அந்தப் படம் எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது என்று எழுதிக் கொடுக்கும் உறுதி. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4) இருக்கிறது. ‘சான்றிதழ் இல்லையா, கேஸ் தள்ளுபடிதான்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமே, முதலில் தராவிட்டாலும் விசாரணை முடிவதற்குள் தாக்கல் செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறது.

உங்களுக்குப் பலமான வாதம் அந்த இரண்டாவது கார்தான். 97 என்பது யாருடைய வேகம்? சலானில் வரும் சின்னப் படத்தில் அது தெரியாது. மூலப் படத்தை முழு அளவில் கேளுங்கள். கருவி எந்த லேனை அளந்தது, குறி எந்த வண்டி மேல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வேகத்தை நிரூபிக்க ஃபாஸ்டேக் நேரத்தை நம்பிப் போகாதீர்கள். அது இரண்டு டோலுக்கு இடையே சராசரி வேகத்தைத்தான் காட்டும், அந்த நொடியின் வேகத்தை அல்ல.

அபராதத்தைக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் இப்போதைக்குக் கட்டாமல், சலானை எதிர்க்கக் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (சலான் வழக்குகளை ஆன்லைனில் நடத்தும் கோர்ட்) போனால், வழக்கை எதிர்க்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். சலானைக் கையில் வைத்துக்கொண்டு, மூலப் படத்துக்கான மனுவை இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.