புலியைக் காப்பாற்றப் போகிறேன் என்கிறாள் மகள்: என்ன படிக்க வைப்பது?

வணக்கம் சார்,

போன வாரம் மகளோடு வந்து பேசிவிட்டுப் போனீர்கள். அவள் முன்னால் நடந்ததும் வாசலில் நின்று மெல்லக் கேட்டீர்கள்: "அறை முழுக்கப் புலிப் படமா ஒட்டி வச்சிருக்கா. ஆசைதான், புரியுது. ஆனா அதை நம்பிப் படிக்க வைக்கலாமா?" இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் புலிப் படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அழியும் நிலையில் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் இருக்க, உங்கள் மகளின் சுவருக்குப் புலி வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த விலங்கு அது. பார்த்ததும் மனதில் நின்றுவிடும். தவிர, ஒரு புலி வாழப் பெரிய காடு வேண்டும். அந்தக் காட்டைக் காப்பாற்றினால் மான், தவளை, வண்டு, ஓடை எல்லாமே கூடப் பிழைக்கும். இப்படி மொத்தக் காட்டின் சார்பாகவும் மக்கள் முன் நிறுத்தப்படும் விலங்கை ஃபிளாக்‌ஷிப் இனம் என்பார்கள். நாம் அடையாள விலங்கு என்று வைத்துக்கொள்வோம்.

இதைத் தேர்ந்தெடுப்பதும், மக்களிடம் கொண்டுபோவதும், பலன் கிடைத்ததா என்று அளப்பதும் தனித்தனி வேலைகள். சம்பளம் வாங்கிக்கொண்டு மனிதர்கள் செய்யும் வேலைகள். உங்கள் கவலைக்கு முதல் பதில் இதுதான்.

1961இல் உலக இயற்கை நிதியம் தொடங்கப்பட்டபோது சின்னமாகப் பாண்டாவை எடுத்தார்கள். அப்போது லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சி சி என்ற பாண்டா பிரபலமாக இருந்தது. பாண்டா அரிய விலங்கு, எல்லோருக்கும் பிடித்த விலங்கு. இன்னொரு காரணமும் உண்டு: கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் அழகு குறையாது, செலவும் மிச்சம். சின்னத்தை வரைந்தவர் பீட்டர் ஸ்காட். பறவைகளை ஆழ்ந்து அறிந்தவர், ஓவியரும்கூட. விலங்கின் மேல் இருந்த அக்கறையும் அச்சுச் செலவும் ஒரே மேசையில் பேசப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்பு என்ற இந்தத் துறையில் நாள்தோறும் நடப்பது அதுதான்.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில் நடந்தது. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கிளி, 1970களில் ஏறக்குறைய நூறு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. பால் பட்லர் என்ற இளைஞர் அங்கே போய், தீவின் வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்தார். 1979இல் அது தேசியப் பறவை ஆனது. பள்ளிகள், பாட்டு, சுவரொட்டி என்று எங்கு திரும்பினாலும் கிளி. "உலகில் வேறு யாரிடமும் இல்லாதது நம்மிடம் இருக்கிறது" என்ற பெருமையை மக்களிடம் உண்டாக்கினார்கள். சுட்டுத் தின்பதும் கூண்டில் அடைப்பதும் குறைந்தன. கிளிகளின் எண்ணிக்கை பிறகு ஆயிரத்தைத் தாண்டியது. பறவையியல் தெரிந்தால் மட்டும் இது நடந்திருக்குமா? ஊர்க்காரர்களோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, மறுபக்கமும் இருக்கிறது. உங்கள் மகள் கண்ணைத் திறந்துகொண்டே இதற்குள் வரவேண்டும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மக்களுக்கு மிகவும் பிடித்த பத்து விலங்குகளை எடுத்துக்கொண்டது. புலி, சிங்கம், யானை எல்லாம் அதில் உண்டு. விளம்பரத்திலும் பொம்மையிலும் கார்ட்டூனிலும் அவற்றை ஓயாமல் பார்ப்பதால், அவை நிறைய இருக்கின்றன என்றே மக்கள் நினைத்துவிடுகிறார்களோ என்று ஆய்வாளர்கள் கவலைப்பட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் மிஞ்சியிருக்கும் சிங்கங்களைவிட அதிகமான சிங்கங்களை ஒரு பிரெஞ்சுக்காரர் ஓராண்டில் படங்களிலேயே பார்த்துவிடுகிறாராம்.

அடையாள விலங்கு ஒரு குடை மாதிரி என்றால், அந்தக் குடை காட்டில் உள்ள எல்லா உயிருக்கும் நிழல் தருவதும் இல்லை. சீனாவில் பாண்டாவுக்கென்று பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றிலிருந்து சிறுத்தையும் ஓநாயும் செந்நாயும் மறைந்துவிட்டதாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. பாண்டா பிழைத்தது, கூட இருந்தவை போய்விட்டன.

அழகில்லாதவற்றின் கதி இன்னும் மோசம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. இந்தியாவில் சில பிணந்தின்னிக் கழுகு இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்த பிறகுதான், 2006இல், கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. புலிக்கு இப்படி நடந்திருந்தால் இவ்வளவு அமைதி இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் அவள் மறக்கக் கூடாது. நகரத்தில் சுவரொட்டியாக இருக்கும் யானை, காட்டோரம் இருப்பவருக்கு ராத்திரி வந்து பயிரை மிதித்துப் போடும் யானை. அவரிடம் போய் "யானை நம் பெருமை" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் காது கொடுத்துக் கேட்கவும் தெரிந்தவர்கள்தான் இந்தத் துறைக்குத் தேவை.

அப்படி ஒருவர் அசாமில் இருக்கிறார், பூர்ணிமா தேவி பர்மன். ஹர்கிலா என்ற பெரிய நாரை அழுகிய இறைச்சியைத் தின்னும், நாற்றமடிக்கும். அபசகுனம் என்று மக்கள் வெறுத்தார்கள், அது கூடு கட்டிய மரங்களை வெட்டினார்கள். பூர்ணிமா தன் ஆய்வுப் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, கிராமத்துப் பெண்களைச் சேர்த்தார். அவர்கள் பறவைக்கு வளைகாப்பு நடத்தினார்கள், தங்கள் தறியில் அதன் உருவத்தை நெய்தார்கள். 2022இல் ஐக்கிய நாடுகள் சபை அவருக்கு விருது கொடுத்தது. பார்க்க அழகில்லாத பறவையையும் அடையாள விலங்காக ஆக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது படிப்புக்கு வருகிறேன். இளநிலையிலேயே "வனவிலங்கு" என்று பெயர் போட்ட பட்டம்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். விலங்கியல், தாவரவியல், புள்ளியியல், சமூகவியல், பொருளாதாரம், காட்சித் தொடர்பியல் எதிலிருந்தும் வரலாம். முதுநிலையில் சூழலியல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். கணக்கு அவளுக்கு ஓரளவு வரும் என்றால் புள்ளியியலைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். ஒவ்வொரு புலியின் வரிகளும் தனி. தானியங்கிக் கேமராப் படங்களில் அந்த வரிகளை ஒப்பிட்டுத்தான் புலிகளை எண்ணுகிறார்கள். எண்ணத் தெரிந்தவருக்குக் காட்டிலும் வேலை உண்டு, வெளியிலும் உண்டு.

வருமானத்தை மறைக்கப் போவதில்லை. தொடக்கத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருட நிதியில் நடக்கும் திட்டங்களில்தான் வேலை கிடைக்கும். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். சம்பளமும் குறைவாகவே இருக்கும். அதனால்தான் புள்ளியியல், வரைபட மென்பொருள், எழுத்து, வடிவமைப்பு என்று வேறு இடத்திலும் சோறு போடும் ஒரு திறமை கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் சிங்கக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சலாம், சான்றிதழும் தருவோம் என்று "தன்னார்வப் பயிற்சி" விளம்பரங்கள் வரும். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து மனிதர் கையில் கொடுக்கும் இடம் பாதுகாப்பு மையமாக இருக்க முடியாது. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கடைசியாக அவளுக்கு ஒரு வேலை. யாருக்கும் பிடிக்காத ஒரு உயிரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். வௌவால், தேள், பாம்பு, எதுவானாலும் சரி. ஒரு மாதம் அதைப் பற்றிப் படித்துவிட்டு, அதை வெறுக்கும் மூன்று பேரிடம் பேசட்டும். என்ன சொன்னாள், அவர்கள் என்ன திருப்பிச் சொன்னார்கள், யாருடைய மனம் அசைந்தது, யாருடையது அசையவில்லை என்று எழுதி வைக்கட்டும். அந்த உயிரைப் படித்தது பிடித்ததா, மனிதர்களிடம் பேசியது பிடித்ததா, படம் வரைந்து காட்டியது பிடித்ததா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு உதவி செய்யாதீர்கள். அந்த மூன்று பேரில் ஒருவராக வேண்டுமானால் நீங்கள் இருக்கலாம்.

அந்தத் தாளோடு அடுத்த மாதம் இருவரும் வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம். புலிப் படங்கள் சுவரிலேயே இருக்கட்டும்.