செதுக்கலை ஒட்டிவிட்டால் மாவோரிக் கூடம் ஆகிவிடுமா?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு ஒரு சமுதாயக் கூடம் வடிவமைக்கச் சொன்னால், உங்கள் இரண்டாமாண்டு கட்டடக்கலை மாணவர்கள் எல்லோரும் கண்ணாடிப் பெட்டிமேல் செதுக்கல் வடிவம் ஒட்டிக் கொண்டுவருகிறார்கள், இதை எப்படி நிறுத்துவது என்று கேட்கிறீர்கள். முகப்பு அலங்காரத்துக்கு மதிப்பெண்ணே வைக்காதீர்கள். விருந்தாளி வாசலிலிருந்து கூடம்வரை எப்படி வந்து சேர்கிறார் என்பதற்கு வையுங்கள். அந்த ஒட்டுவேலை இப்படித்தான் நிற்கும்.

அநேகமாக முதல் வகுப்பிலேயே படங்களைக் காட்டியிருப்பீர்கள். கண் அங்கேயே நின்றுவிடும்.

மாராய் என்பது கூடமும் அதன் முன்னுள்ள முற்றமும் சேர்ந்த மாவோரி வளாகம். அங்கே வந்தவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் கூவல், கரங்கா, அழைத்த பிறகே திறந்த முற்றத்தைக் கடப்பார்கள். கூடம் ஒரு மூதாதையின் உடல். முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்பு, முகப்பின் சாய்பலகைகள் விரித்த கைகள். சமையலும் சாப்பாடும் தனிக் கட்டடத்தில்தான். தபு (புனிதமானது, விலக்குக்குரியது), நோவா (சாதாரணமானது, விலக்கில்லாதது) என்ற பிரிவு அங்கே சுவராகவே எழுந்து நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

ஒரு சோதனை: வரைபடத்திலிருந்து செதுக்கல் முழுவதையும் அழிக்கச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: வந்தவர் எங்கே காத்திருப்பார்? யார் எங்கிருந்து அழைப்பார்? செருப்பை எங்கே கழற்றுவது? சாப்பாடு எந்தப் பக்கம்? தளப்படம் பதில் சொல்ல வேண்டும், மாணவர் அல்ல.

ஒரு எச்சரிக்கை. முறைகள் இனக்குழுவுக்கு இனக்குழு மாறும். செதுக்கல் வடிவங்களும் அவரவர்க்கு உரியவை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கையாளப்படும் மாவோரி வடிவமைப்பு நெறிகளான தே அராங்கா கோட்பாடுகளில் முதலாவதே ‘மனா’, அதாவது அந்த நிலத்துக்குரிய மக்களின் உரிமையை மதிப்பது. அவர்களோடு பேச வழியில்லையென்றால் இதை ஆய்வுப் பயிற்சியாக மட்டும் வையுங்கள். வடிவமைப்புக்கு, மாணவர்கள் நேரில் போய் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு சமூகத்தைத் தேர்ந்தெடுங்கள்.