மகளுடன் வெளிநாடு போனால் நான் வேலை பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 11 வயது. வெளிநாட்டுப் பள்ளியில் படிக்க வைக்க முடிவு செய்திருக்கிறோம். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மகளுடன் நான் போவது, கணவர் இங்கேயே வேலையில் தொடர்வது என்று பேசி வைத்திருக்கிறோம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என நான்கு நாடுகளை ஏஜென்ட் சொல்கிறார். “கார்டியன் விசாவில் போய் இறங்குங்கள், பார்ட் டைம் வேலை அங்கே தானாகக் கிடைக்கும்” என்கிறார். என் அலுவலகமும் ஆறு மாதம் வரை அங்கிருந்தபடியே வேலை பார்க்க ஒப்புக்கொள்ளும்போலத் தெரிகிறது. நான் உண்மையில் வேலை பார்க்க முடியுமா? இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள். ஏஜென்ட் சொல்வது அந்த நான்கு நாடுகளில் ஒன்றுக்கு மட்டும், அதுவும் நிபந்தனைகளோடுதான் பொருந்தும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும் என்பதற்காகத் தரப்படுவதுதான் கார்டியன் விசா. அங்கே சம்பாதிக்காமலே இருவரும் வாழப் பணம் இருக்கிறது என்று காட்டிய பிறகே அது கிடைக்கும். ஆகவே உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் வருமானம் என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டு, அப்படியும் கணக்கு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்கவில்லை என்றால் கார்டியன் விசா உங்களுக்கான வழி இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன். (கீழே வரும் தொகைகள் 2025-ல் நடைமுறைக்கு வந்தவை, அல்லது அந்த ஆண்டில் நடைமுறையில் இருந்தவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.)

பிரிட்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அங்கே ‘சைல்ட் ஸ்டூடன்ட்’ மாணவரின் பெற்றோருக்கான விசா, 4 முதல் 11 வயது வரையிலான, கட்டணம் வாங்கும் தனியார் பகல்நேரப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு மட்டும்தான். குழந்தைக்கு 12 வயது ஆனதும் உங்கள் விசா முடிந்துவிடும். உங்கள் மகளுக்கு இப்போதே 11. பள்ளிக் கட்டணம் போக மாதம் 1,560 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 14,040 பவுண்டு வரை காட்டி, சில மாதங்களில் திரும்பி வருவதற்கு அர்த்தமில்லை. அந்த விசாவில் வேலைக்கும் அனுமதி இல்லை, படிக்கவும் அனுமதி இல்லை. சம்பளமில்லாமல் ஒரு கடையில் உதவுவதும் அங்கே வேலைதான்.

ஆஸ்திரேலியாவின் 590-ஆம் பிரிவு ‘ஸ்டூடன்ட் கார்டியன்’ விசாவில் மகளுக்கு 18 ஆகும்வரை உடன் இருக்கலாம். ஆனால் அதில் 8101 என்ற எண்ணுள்ள நிபந்தனை இருக்கும். அதன் பொருள், வேலை கூடாது என்பதுதான். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற சலுகை எதுவும் அதில் இல்லை. ஆங்கில வகுப்புக்கு வாரம் 20 மணி நேரம் வரை போகலாம், மற்ற படிப்புகள் மூன்று மாதம் வரைதான். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மகளை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் நாட்டைவிட்டு வெளியே போகவும் முடியாது. தவிர்க்க முடியாத காரணம் இருந்து, மகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஏற்பாட்டுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருந்தால்தான் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போகலாம் என்று திட்டமிட்டால் அது இங்கே நடக்காது.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது நியூசிலாந்து. அங்கே பெற்றோருக்குக் கிடைப்பது ‘கார்டியன் ஆஃப் எ ஸ்டூடன்ட் விசிட்டர் விசா’. ஒரு நேரத்தில் ஒரு பெற்றோருக்குத்தான் கிடைக்கும், மகளுடன் ஒரே வீட்டில் வசிக்க வேண்டும். விசா வரும்போது உள்ளூரில் வேலை பார்க்க அனுமதி இருக்காது. ஆனால் நிபந்தனையை மாற்றித் தரும்படி தனியாக விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 மணியிலிருந்து பிற்பகல் 2.30 மணி வரை, அதாவது குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்தில், பகுதிநேர வேலை பார்க்கலாம். பகுதிநேரப் படிப்புக்கும் இதே போல மாற்றம் கேட்கலாம். மாற்றம் கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். விண்ணப்பித்து ரசீது வாங்கியதையே அனுமதியாக நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இந்த நேரக் கட்டுப்பாடு எளிதாகத் தோன்றும், நடைமுறையில் இறுக்கமானது. வாரத்துக்கு 25 மணி நேரம்தான் உச்ச வரம்பு. 2025 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலர். முழு 25 மணி நேரமும் கிடைத்தால் வரி போகும் முன் வாரம் 587.50 டாலர். மாலை, இரவு, சனி, ஞாயிறு வேலைகள் எல்லாம் வெளியே போய்விடுவதால் கடை, உணவகம் போன்ற இடங்களின் பெரும்பாலான ஷிப்டுகள் உங்களுக்குப் பொருந்தாது. மதியம் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிகிறது, அரை மணி நேரம்தானே என்று முதலாளி சொன்னாலும் அது விதிமீறல்தான். சிறு நிறுவனங்களின் கணக்கு எழுதும் வேலை, பள்ளி அலுவலக வேலை போன்றவை இந்த நேரத்துக்குள் அடங்கும், உங்கள் அனுபவத்துக்கும் ஒத்து வரும். பள்ளி விடுமுறையையும் யோசியுங்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தகுந்த கவனிப்பு இல்லாமல் தனியே விட்டுவிட்டுப் போவது அங்கே சட்டப்படி குற்றம், 2,000 டாலர் வரை அபராதம் உண்டு. எனவே விடுமுறை வாரங்களில் ஒன்று நீங்கள் வேலைக்குப் போகக் கூடாது, அல்லது விடுமுறைக் காப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆண்டு வருமானத்தை 52 வாரத்துக்குப் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

உங்கள் அலுவலகம் தரும் வாய்ப்புக்கும் நியூசிலாந்தில் இடம் இருக்கிறது. 2025 ஜனவரி 27 முதல் விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு நிறுவனத்துக்காக இணையம் வழியே வேலை பார்க்கலாம் என்று விதி மாறியது. கார்டியன்களும் அதில் அடங்குவார்கள். சம்பளம் தருவது வெளிநாட்டு நிறுவனமாக இருக்க வேண்டும், நியூசிலாந்து நிறுவனத்துக்கோ அங்குள்ள வாடிக்கையாளருக்கோ வேலை செய்யக் கூடாது. 92 நாட்களைத் தாண்டினால் அங்கே வரிப் பொறுப்பு வரக்கூடும் என்பதால், ஆறு மாதம் என்றால் போகும் முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். கணக்குத் துறையில் இருப்பதால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்: சம்பளம் வேறு நாட்டு வங்கிக் கணக்கில் விழுகிறது என்பதால் மட்டும் அது வரிக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பல நாடுகள் பார்க்கின்றன.

கனடாவில் கார்டியன் விசா என்று தனியாக ஒன்று கிடையாது. மகளுக்கு ஸ்டடி பெர்மிட் வாங்கிவிட்டு, பெற்றோர் பார்வையாளராகப் போவார்கள். பொதுவாக ஒரு முறைக்கு ஆறு மாதம். அது முடியும் முன்பே, குறைந்தது 30 நாள் இருக்கும்போது, தங்கும் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். பார்வையாளராக இருந்துகொண்டு கனடா நிறுவனத்தில் வேலை பார்க்க முடியாது. மகளின் ஸ்டடி பெர்மிட்டைக் காட்டி உங்களுக்கு ஒர்க் பெர்மிட் வாங்கவும் முடியாது. மாணவரின் கணவன் அல்லது மனைவிக்காக இருக்கும் ஒர்க் பெர்மிட் திட்டத்தை, மாணவரின் பெற்றோருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு, கவனம். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தின் வேலையைப் பார்வையாளராக இருந்தபடி ஆறு மாதம் வரை தொடரலாம் என்று கனடா அரசே சொல்கிறது. உங்கள் அலுவலகம் சொல்லும் காலமும் அதுதான்.

ஏஜென்ட் சொல்லாத நாடு ஒன்றையும் குறிப்பிடுகிறேன், பல வாசகர்கள் கேட்பதால். சிங்கப்பூரில் மாணவர் பாஸில் படிக்கும் பிள்ளையின் தாய் அல்லது பாட்டி நீண்டகால வருகை பாஸ் கேட்கலாம், தந்தைக்கு அந்த வழி இல்லை. அந்த பாஸ் தானாக வேலை உரிமை தராது. ஒரு நிறுவனம் உங்களுக்காக முறைப்படி வேலை பாஸ் வாங்கினால்தான் உண்டு.

எது வேலை, எது வேலை இல்லை என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வது, வீட்டில் சமைத்து விற்பது, டியூஷன் எடுப்பது, உணவு டெலிவரி ஆப்பில் வேறொருவர் பெயரில் ஓட்டுவது, தெரிந்தவர் கடையில் கையில் ரொக்கம் வாங்குவது எல்லாமே வேலைதான். வாடகை, வைப்புநிதி வட்டி, பங்கு ஈவுத்தொகை போன்றவை பொதுவாக வேலையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் உங்களுடைய சொந்தத் தொழிலை அங்கிருந்து தினமும் நடத்தினால் அது வேலை. மாட்டிக்கொண்டால் பாதிப்பு உங்களோடு நிற்காது. உங்கள் விசா ரத்தானால் மகளுக்கு உடன் இருக்கும் பெரியவர் இல்லாமல் போகிறார். மாற்று ஏற்பாடு உடனே கிடைக்காவிட்டால் படிப்பே நடுவில் நிற்கும். அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் விசா ரத்தானதா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் திட்டத்தைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். மகளின் விசாவைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போவதற்குப் பதில், உங்கள் விசாவில் மகள் வரட்டும். கனடாவில் அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனத்தில் நீங்கள் ஸ்டடி பெர்மிட்டில் சேர்ந்தால், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 24 மணி நேரம் வரை வெளியே வேலை பார்க்கலாம். பெற்றோர் ஸ்டடி பெர்மிட்டிலோ ஒர்க் பெர்மிட்டிலோ இருந்தால் பல மாகாணங்களில் பிள்ளைக்கு அரசுப் பள்ளிக் கட்டணம் இல்லை. இது மாகாணத்துக்கு மாகாணம், சில இடங்களில் பள்ளி வாரியத்துக்கு வாரியம் மாறும். ஆகவே கல்லூரியில் பணம் கட்டும் முன் அந்தப் பள்ளி வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் முதல் கல்விக் கட்டணம் போக ஒருவருக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும், மகளும் வந்தால் இன்னும் கூடும். 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பாக இருந்தால், பின்னாளில் கணவர் வர விரும்பும்போது அவர் ஓப்பன் ஒர்க் பெர்மிட் (ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடாத வேலை அனுமதி) கேட்க முடியும். சாதாரண டிப்ளமோவுக்கு 2025 ஜனவரி 21 முதல் அந்த வாய்ப்பு இல்லை.

ஆஸ்திரேலியாவிலும் 500-ஆம் பிரிவு மாணவர் விசாவில் நீங்கள் போய் மகளைக் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கலாம். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் பல மாநிலங்களில் மகளின் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பள்ளிச் செலவுக்கென ஆண்டுக்கு 13,502 ஆஸ்திரேலிய டாலர் கணக்கில் காட்டச் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டு கணக்குத் துறை அனுபவம் உள்ள நீங்கள், வேலை உரிமைக்காக மட்டும் ஏதோ ஒரு மலிவான சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தால் உண்மையான மாணவர்தானா என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் அடிபடும். படிப்பு உங்கள் தொழிலோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் இந்தத் தலைகீழ் வழியும் கடினம். 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், சாதாரண முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர் பிள்ளையை அழைத்துப் போக முடியாது, ஆராய்ச்சிப் படிப்பாக இருக்க வேண்டும். சில வகை வேலை விசாக்களில் போனால் பிள்ளையை அழைத்துப் போகலாம். ஆனால் பொதுவாக இரு பெற்றோரும் அங்கே இருக்க வேண்டும் என்பார்கள். முழுப் பொறுப்பும் ஒருவருடையது என்றோ, அதற்கிணையான வலுவான காரணம் உண்டு என்றோ நிரூபித்தால்தான் விலக்கு. கணவர் இங்கேயே இருக்கப் போகும் உங்கள் குடும்பத்துக்கு இது நேரடித் தடை.

ஏஜென்டிடம் இனிமேல் வாய்மொழியாக எதையும் கேட்காதீர்கள். “இந்த விசாவின் பெயர் என்ன, எந்த நிபந்தனையின் கீழ் எனக்கு வேலை உரிமை வருகிறது, அதை அரசுத் தளத்தில் எங்கே பார்க்கலாம்” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலில் நிபந்தனையைச் சுட்டிக் காட்டாமல் “எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஆலோசகர்களுக்கு நாட்டுக்கு நாடு உரிமம் உண்டு, பெயரை அரசுப் பதிவேட்டில் தேடிவிடலாம். நியூசிலாந்தில் ஒரு நுணுக்கம்: வெளிநாட்டில் இருக்கும் கல்வி ஏஜென்ட் உரிமம் இல்லாமல் ஆலோசனை சொல்லலாம் என்ற விலக்கு மாணவர் விசாவுக்கு மட்டும்தான். உங்கள் கார்டியன் விசாவுக்கும் நிபந்தனை மாற்றத்துக்கும் உரிமம் பெற்ற ஆலோசகரோ வழக்கறிஞரோ வேண்டும், அல்லது நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.

அலுவலகத்தில் இந்த வாரமே இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஆறு மாத ரிமோட் அனுமதி எழுத்தில் வேண்டும். எந்த நாட்டிலிருந்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சம்பளம் எந்த நாட்டில் தரப்படும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கணக்குத் தரவுகளை வெளிநாட்டிலிருந்து திறக்க நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவு சம்மதிக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மேலாளர் சரி என்று சொல்லி, கடைசியில் இந்த இடத்தில் தடைபடுவது வழக்கம். இரண்டாவது, ஆறு மாதத்துக்குப் பிறகு சம்பளமில்லா நீண்ட விடுப்பு ஓராண்டு கிடைக்குமா என்பது. கிடைத்தால் மகளுக்கு அந்தப் பள்ளி ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு உங்கள் வேலை பற்றி முடிவெடுக்கலாம். ஒருவேளை அவள் திரும்பி வர விரும்பினாலும் உங்கள் நாற்காலி இருக்கும்.