காட்டர் பின் வரவில்லை என்று கிராங்கையே மாற்றலாமா?

கேள்வி: பெரியப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ராலே சைக்கிள் பல வருடமாகக் கொல்லையில் கிடந்தது. பின் சக்கரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில் (சக்கரத்தின் நடுக் குடம்) 56 என்று பொறித்திருக்கிறது. மிதித்தால் இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ‘டக் டக்’ என்று ஆடுகிறது. கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு போன்ற காட்டர் பின் அசையவே இல்லை. கடைக்காரர் அச்சு, கப், கிராங்க் எல்லாம் புது செட்டாகப் போட்டுவிடலாம் என்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். 56 என்பது ஹப் தயாரான 1956ஆம் ஆண்டு. வண்டியும் பெரும்பாலும் அதே வயதுதான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த அந்தக் கால ராலேயின் பி.பி. கப்பில், அதாவது பெடல் அச்சைத் தாங்க பிரேமில் முறுக்கும் கிண்ணத்தில், அங்குலத்துக்கு 26 மரை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கப்பில் 24. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஒன்றிரண்டு சுற்று ஏறவும் ஏறும். அதற்குமேல் அழுத்தி முறுக்கினால் பிரேமில் உள்ள மரையே அழிந்துவிடும். பல்சக்கரத்தில் ராலேயின் சின்னமான நாரை உருவம் வெட்டியிருந்தால், கிராங்கோடு அதையும் இழப்பீர்கள்.

மலிவான பொருள் அந்தப் பின்தான். அது கெட்டால் கெடட்டும், அச்சும் கிராங்கும் பிழைக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை இரு பக்கமும் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் முனையோடு சமமாக நிறுத்துங்கள், மரை நசுங்காது. அடுத்ததுதான் முக்கியம்: தரையிலிருந்து கிராங்க் வரை எட்டும் கனமான இரும்புக் குழாயை முட்டாக நிறுத்தி, பின்னின் தலை குழாயின் துளைக்குள் இறங்கும்படி வையுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் கப்புக்குள் இருக்கும் பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) மேல் இறங்கும். அப்படி அடித்து ஒரு நல்ல கப்பில் குழி விழவைத்தவன் நான், இன்றும் வருத்தம்தான். கனமான சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் முனை விரிந்து பின் இன்னும் இறுகும். பின்னை அழுத்தித் தள்ளும் காட்டர் பிரஸ் கிடைத்தால் சுத்தியலே வேண்டாம். பின் வளைந்துவிட்டால் வளைந்ததை அறுத்துவிட்டு, லேத் பட்டறையில் நடுவில் துளை போட்டுத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து பாருங்கள். உங்கள் வண்டிக்கு 9.5 மி.மீ. வேண்டும், 9 மி.மீ. பின்னும் விற்பனைக்கு உண்டு. அதைப் போட்டால் முதலில் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு தளர்ந்து, அச்சில் பின் உட்காரும் வெட்டைத் தின்றுவிடும். இரண்டு பின்களின் சரிவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. தேவைப்பட்டால் அரத்தால் கொஞ்சம் ராவலாம். இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

அச்சின் வெட்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அச்சை மட்டும் பழைய ராலேயிலிருந்து தேடிப் போடுங்கள். கப்பை மாற்றவே விடாதீர்கள்.