பரோக் கால நிலக்காட்சி அச்சோவியம் என்றால் என்ன? அது நகல் படமா?

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மலையையும் பள்ளத்தாக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் செப்புத் தகட்டில் வரைந்து, அதிலிருந்து தாளில் ஒற்றி எடுத்த படமே பரோக் கால நிலக்காட்சி அச்சோவியம். தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மை பூசித் துடைத்த பின் அப்பள்ளத்தில் தங்கும் மை, அழுத்தத்தால் ஈரத் தாளில் ஏறிவிடும். பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரத்தைத் துலக்கித் துடைத்த பிறகும் எழுத்துகளுக்குள் துலக்கும் பொடி தங்கி நிற்பதைப் போன்றதே இது.

டச்சு ஓவியர் ஹெர்குலஸ் செகர்ஸின் மலைப் பள்ளத்தாக்குகளையே இதற்கு மிகச் சிறந்த சான்றாகக் கருதுகிறேன். மலையே இல்லாத தட்டையான நாட்டில் வாழ்ந்த அவர், பாசி படர்ந்தாற்போன்ற சிறு புள்ளிகளாலும் நடுங்கும் கோடுகளாலும் பாறைகளை எழுப்பி, ஒரு படத்தில் அவற்றினிடையே வேலியிட்ட வயல்களை வைத்தார். வெவ்வேறு நிற மைகளிலும், சில வேளை துணியிலும் அச்சிட்டு, மேலே தூரிகையால் வண்ணமும் தீட்டியதால், ஒரே தகட்டில் பிறந்த படிகள்கூட ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. புகழ்பெற்ற டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இவருடைய ஓவியங்களில் எட்டைத் தம்மிடம் வைத்திருந்தார்.

அச்சு என்றதும் வேறோர் ஓவியத்தின் நகல் என்றே பலர் எண்ணுகின்றனர். இங்கோ ஓவியரே தகட்டில் நேரடியாக வரைந்திருப்பதால், தாளில் விழும் ஒவ்வொரு படியும் மூலப் படைப்பே.