கூட்டாகத் தொழில் தொடங்க வக்கீல் தேவையா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நண்பரோடு சேர்ந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை போடுகிறேன், வக்கீல் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம்தான், அதுவும் இப்போதே. யார் எவ்வளவு முதல் போட்டார், ஒருவர் விலகினால் கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் கேட்டுத்தான் அவர் கூட்டுப் பத்திரம் எழுதுவார்.

அப்புறம், நிறுவனத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, பதிவில்லாத நிறுவனம் சரக்கெடுத்த வியாபாரி மீது பாக்கிக்காக வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் உங்கள் மேல் போடலாம்! பலருக்கு இது பணம் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிகிறது. கேட்டாலே வயிறு எரியும்.

தொழிலுக்காக நண்பர் வாங்கும் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. அது பயமாக இருந்தால், கூட்டாளியின் பொறுப்பு அவர் போட ஒப்புக்கொண்ட முதலோடு நின்றுவிடும் எல்.எல்.பி. என்ற கூட்டு நிறுவன வகை பற்றி வக்கீலிடம் கேளுங்கள். ஜிஎஸ்டி கணக்குக்கு ஆடிட்டர் போதும்.